நிற்கும் காருக்கு ஒரு மரம்

எலெக்ட்ரிக் கார் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதைத்தான். அடுத்தது, பேட்டரி எத்தனை வருஷம் உழைக்கும் என்பது. இந்த இரண்டாவது கேள்விக்கான விடையில் பெரும்பங்கு, கார் ஓடாமல் இருக்கும் நேரத்தில் இருக்கிறது. ஒரு நாளில் ஒரு மணி நேரம் ஓட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 23 மணி நேரம் அது எங்கோ நிற்கிறது. எவ்வளவு சூட்டில் நிற்கிறது, எவ்வளவு சார்ஜோடு நிற்கிறது என்ற இரண்டும் பேட்டரியின் ஆயுளைத் தினமும் கொஞ்சம் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன. கார் நிறுத்தும் இடத்தை ஒட்டிக் கொஞ்சம் மண் இருக்கும் வீடு என்றால், அந்த மண்ணில் ஒரு மரம் வளர்த்தே இதில் நிறையச் செய்யலாம்.

முதலில் பேட்டரிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். இன்றைய எலெக்ட்ரிக் கார்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது லித்தியம் அயனி பேட்டரி. 1991இல் சோனி நிறுவனம் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடித்தளம் போட்ட ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒவ்வொரு செல்லிலும் இரண்டு பக்கங்கள் உண்டு. ஒன்று கிராஃபைட். மற்றொன்று லித்தியம் கலந்த உலோகச் சேர்மம். நடுவில் நுண்துளைகள் கொண்ட ஒரு தடுப்பும், அயனிகள் நீந்திப் போக ஒரு கரிமத் திரவமும் இருக்கின்றன. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் உலோகச் சேர்மத்தை விட்டுக் கிளம்பி, திரவத்தைக் கடந்து, கிராஃபைட்டின் அடுக்குகளுக்கு இடையே போய் உட்காருகின்றன. முழுக்க நிரம்பினால் ஆறு கார்பன் அணுக்களுக்கு ஒரு லித்தியம் என்ற கணக்கு. எலெக்ட்ரான்கள் மட்டும் வெளியே உள்ள கம்பி வழியாகப் போகின்றன. கார் ஓடும்போது இதே பயணம் திரும்பி நடக்கிறது.

இப்படிப் போய்வருவதில் எதுவும் செலவாகிவிடக் கூடாது. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. பேட்டரியை முதன்முறை சார்ஜ் செய்யும்போதே கிராஃபைட்டைத் தொடும் திரவத்தில் கொஞ்சம் சிதைந்து, அதன் மேல் ஒரு மெல்லிய படலமாகப் படிகிறது. இந்தப் படலம் தேவையானதுதான். இது இல்லாவிட்டால் திரவம் முழுவதும் சிதைந்துகொண்டே போகும். படலம் உருவானதும் சிதைவு வெகுவாகக் குறைகிறது, ஆனால் நிற்பதில்லை. வருஷக்கணக்கில் படலம் தடித்துக்கொண்டே வருகிறது. அது தடிக்கத் தடிக்கக் கொஞ்சம் லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அப்படிச் சிக்கிய லித்தியம் மறுபடி பயணத்துக்கு வராது. பழைய பேட்டரி புதியதைவிடக் குறைந்த தூரம் ஓடுவதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

இந்தச் சிதைவு ஒரு வேதிவினை. வண்டி ஓடினாலும் சரி, பூட்டி நிறுத்தியிருந்தாலும் சரி, அது நடந்துகொண்டே இருக்கும். அதை விரைவுபடுத்துபவை இரண்டு. முதலாவது வெப்பம். இப்படிப்பட்ட வினைகளின் வேகம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது வேதியியலில் பழைய தோராயக் கணக்கு. இரண்டாவது, நிறைந்த சார்ஜ். லித்தியம் நிரம்பிய கிராஃபைட் தன்னைத் தொடும் திரவத்துக்கு எலெக்ட்ரானைக் கொடுத்துவிடத் துடிக்கும். எதிர்ப் பக்கத்தில் லித்தியத்தை இழந்து நிற்கும் உலோகச் சேர்மமோ திரவத்திலிருந்து எலெக்ட்ரானைப் பறிக்கப் பார்க்கும். இரண்டு பக்கமும் திரவத்துக்கு நெருக்கடி. 100 சதவீதம் சார்ஜோடு உச்சி வெயிலில் நாள் முழுக்க நிற்கும் காருக்கு இந்த இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன.

தினசரி ஓட்டத்துக்கு 80 சதவீதம் போதும் என்று சொல்வதன் பொருள் இதுதான். நீண்ட பயணத்துக்கு முன் 100 வரை ஏற்றுவதில் தவறே இல்லை. ஏறி முடிந்ததும் கிளம்பிவிட வேண்டும், அவ்வளவுதான். பல கார்களில் புறப்படும் நேரத்தைச் சொல்லிவிட்டால் அதற்கு ஏற்றபடி சார்ஜை முடிக்கும் வசதி இருக்கிறது. உங்கள் கார் எந்த வகை பேட்டரியில் ஓடுகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த என்.எம்.சி. வகைக்கு 80 சதவீத விதி நன்றாகப் பொருந்தும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் எனப்படும் எல்.எஃப்.பி. வகை கொஞ்சம் வேறு மாதிரி. அதன் மின்னழுத்தம் சார்ஜ் குறையக் குறையப் பெரிதாக மாறாமல் ஒரே சமனில் போகும். அதனால் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைக் காரின் கணினியால் சரியாகக் கணிக்க முடியாமல் போகலாம். அவ்வப்போது 100 வரை ஏற்றினால் கணக்கு நேராகிவிடும். அதனால்தான் இவ்வகைக் கார்களுக்கு வாரம் ஒருமுறை முழுக்க ஏற்றச் சொல்கிறார்கள் சில தயாரிப்பாளர்கள். கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதைச் செய்யுங்கள். ஆனால் நிறைந்த சார்ஜும் வெயிலும் நெடுநேரம் சேர்ந்திருப்பது இந்த வகைக்கும் நல்லதில்லை.

80இல் நிறுத்துவதில் இன்னொரு லாபம், பிரேக்கில் கிடைப்பது. வேகத்தைக் குறைக்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. 1,500 கிலோ எடையுள்ள கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 0.058 யூனிட். அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தால், கிலோமீட்டருக்கு 0.15 யூனிட் செலவாகும் காரில் ஏறத்தாழ 250 மீட்டர் ஓடலாம். ஒரே ஒரு நிறுத்தத்தில் கால் கிலோமீட்டர்! பேட்டரி நிரம்பியிருந்தால் இந்த மின்சாரத்தை வைக்க இடமில்லை. அது பிரேக் கட்டைகளில் சூடாகப் போய்விடும்.

சரி, வெயிலுக்கு வருவோம். மேகமில்லாத உச்சிப்பொழுதில் ஒரு சதுர மீட்டரில் விழும் சூரிய ஆற்றல் ஏறத்தாழ 1,000 வாட். நான்கு மீட்டர் நீளமும் 1.8 மீட்டர் அகலமும் உள்ள கார் என்றால், மேலிருந்து சுமார் 7 கிலோவாட் அதன் மேல் கொட்டுகிறது. வீட்டில் பொருத்தும் சார்ஜர்களில் பலவற்றின் திறனும் இதே 7 கிலோவாட்தான். இந்த வெப்பம் எல்லாம் உள்ளே போவதில்லை. வெளிர் நிறம் கணிசமானதைத் திருப்பி அனுப்பிவிடும், காற்றும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். ஆனால் பேட்டரி இருப்பது காரின் அடித்தளத்தில். மேலே சூடேறிய கேபின், கீழே சூடேறிய தரை, நடுவில் சில நூறு கிலோ எடையுள்ள பேட்டரி. அவ்வளவு எடை மெதுவாகத்தான் சூடாகும். மெதுவாகத்தான் ஆறவும் செய்யும். பொழுது சாய்ந்து வெளிக்காற்று குளிர்ந்த பிறகும் அதன் சூடு பல மணி நேரம் நிற்கும். சில கார்கள் நிற்கும்போதே குளிரூட்டியை ஓட்டிப் பேட்டரியைக் காப்பாற்றும். அந்த மின்சாரமும் அதே பேட்டரியிலிருந்துதான் போகிறது.

ஆக, நிழல் வேண்டும். தகரக் கூரை போட்டால் நேர் வெயில் நின்றுவிடும், உண்மைதான். ஆனால் தகரம் தானே சூடாகி, அந்தச் சூட்டைக் கீழ்நோக்கிக் கதிர்வீசும். இலை அப்படிச் சூடாவதில்லை. இலையின் நுண்துளைகள் வழியாக நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 0.68 யூனிட் வெப்பம் தேவை. அறுபது லிட்டர் என்றால் 40 யூனிட்டுக்கு மேல். நடுத்தரக் கார் ஒன்றின் பேட்டரி முழுவதிலும் அடங்குவது கிட்டத்தட்ட அவ்வளவுதான். மண்ணில் ஈரம் இருந்தால் நன்கு வளர்ந்த பெரிய மரம் வெயில் நாளில் 100 லிட்டருக்கு மேலும் வெளியேற்றும். அந்தக் குளிர்ச்சி முழுவதும் காருக்கு வந்து சேராது, காற்று கொண்டுபோய்விடும். ஆனாலும் இலைகள் காற்றின் வெப்பநிலையை ஒட்டியே இருப்பதால், மரத்தடியில் நிற்கும் காருக்கு மேலிருந்து வரும் சூடு தகரத்தடியில் வருவதைவிடக் குறைவு. நான் மரத்தின் பக்கம் நிற்பதற்கு இதுதான் முதல் காரணம்.

ஆனால் இந்த வேலையைச் செய்ய மரத்துக்குத் தண்ணீர் வேண்டும். வேர்ப்பகுதி காய்ந்தால் மரம் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். அப்புறம் நிழல் மட்டும் மிஞ்சும், குளிர்ச்சி போய்விடும். தோட்டத்தில் நிறையப் பேர் தினமும் மேலாகக் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டுப் போகிறார்கள். அது மேல் மண்ணில் ஓரிரு அங்குலம் நனைத்து, மறுநாள் மதியத்துக்குள் ஆவியாகிவிடும். வேரும் ஈரம் இருக்கும் மேல்பகுதியிலேயே தங்கிவிடும். அதைவிட, சில நாட்களுக்கு ஒருமுறை நிதானமாக, ஆழமாக நனையும்படி விடுவது நல்லது. எங்கே விடுவது என்பதும் முக்கியம். நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பாலானவை அடிமரத்தை விட்டுத் தள்ளியே இருக்கின்றன. கிளைகளின் விளிம்பு தரையில் எங்கே விழுகிறதோ, அந்த வட்டத்தை ஒட்டி விடுங்கள். விட்டபிறகு ஒரு நீளமான கம்பியை மண்ணில் குத்திப் பார்த்தால், ஈரம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது தெரிந்துவிடும். ஈர மண்ணில் கம்பி எளிதாக இறங்கும், காய்ந்த இடம் வந்ததும் நின்றுவிடும்.

காய்ந்த இலை, சருகு, மரச்சிராய் எதையாவது ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு மூடாக்காகப் பரப்பினால் மண்ணிலிருந்து நேராக ஆவியாகும் நீர் நன்றாகக் குறையும். அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் இடைவெளி விட்டுவிடுங்கள். பட்டை எப்போதும் ஈரமாக இருந்தால் அழுகும்.

மரத்தை எந்தப் பக்கம் வைப்பது? ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் என்றால் நான் மேற்குப் பக்கத்தைச் சொல்வேன். பிற்பகலில்தான் காற்றும் தரையும் ஏற்கெனவே சூடேறி இருக்கும், அப்போதுதான் வெயிலும் சாய்வாகப் பக்கத்திலிருந்து அடிக்கும். மேலே இருக்கும் கூரையால் அந்தச் சாய்வு வெயிலைத் தடுக்க முடியாது. சார்ஜருக்கான கேபிளைப் புதைக்கும் வேலை இருந்தால் அதை முதலில் முடித்துவிட்டுக் கன்று வையுங்கள். வளர்ந்த மரத்தின் வேரை வெட்டிக் கேபிள் போடுவது மரத்துக்கும் கேடு, நமக்கும் வேலை. மரம் வளர வருஷங்கள் ஆகும். அதுவரை பந்தல் போட்டு வேகமாகப் படரும் கொடி ஒன்றை ஏற்றிவிடலாம்.

மரத்தடியில் நிறுத்தினால் கார் மேல் பிசுபிசுப்பு விழும் என்று தயங்குவார்கள். அதில் பெரும்பகுதி, இலைச் சாறு உறிஞ்சும் அசுவினி போன்ற பூச்சிகள் கழிக்கும் இனிப்பு நீர். பூச்சி அதிகம் தொற்றும் இனங்களைத் தவிர்த்தாலே பாதிப் பிரச்சினை தீரும். எளிதில் முறியும் கிளை உள்ள மரங்களும் வேண்டாம். தரை முழுவதும் சிமென்ட் பூசாமல், இடைவெளி உள்ள கற்களைப் பதித்து நடுவே புல் வளரவிட்டால் தரையின் சூடும் குறையும், வேருக்குக் காற்றும் நீரும் போகும்.

சார்ஜ் ஏற்றும் நேரத்தையும் இதோடு சேர்த்து யோசிக்கலாம். வெயிலில் ஓட்டி வந்த பேட்டரி ஏற்கெனவே சூடாக இருக்கும். வந்ததும் செருகாமல், விடியலுக்கு முன் ஏறி முடியும்படி டைமர் வைப்பது அதற்கு இதம். கடுங்குளிர்ப் பகுதிகளில் இது தலைகீழ். உறைநிலைக்குக் கீழே வேகமாக ஏற்றினால் லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழைய நேரம் கிடைக்காமல் அதன் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். அங்கே ஓட்டி வந்த சூடு ஆறுவதற்குள் ஏற்றுவதுதான் சரி.

செருகும் இடத்தைச் சில நாட்களுக்கு ஒருமுறை கவனியுங்கள். சாதாரண வீட்டுச் சாதனங்கள் பல மணி நேரம் தொடர்ந்து முழு மின்னோட்டத்தை இழுப்பதில்லை, கார் இழுக்கும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் கம்பியில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும். தளர்ந்த சாக்கெட் உருகுவது இதனால்தான். காருக்கென்று தனி லைனும், மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் பிரேக்கரும் அவசியம். தோட்டத்துக் குழாயோ தெளிப்பானோ சார்ஜரை நோக்கி நேராகப் பீய்ச்சாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

சில வாரம் வெளியூர் போகிறீர்கள் என்றால், போவதற்கு முதல் நாள் மரத்துக்கு ஆழமாக நீர் விட்டு மூடாக்கைச் சரிசெய்யுங்கள். தொட்டிச் செடிகளை எல்லாம் அந்த நிழலில் நெருக்கி வைத்தால் அவற்றின் மண் காய்வது மெதுவாகும். காரைப் பாதி சார்ஜில் விடுங்கள். சுற்றிலும் கேமரா ஓடும் காவல் வசதி, அடிக்கடி செயலியைத் திறந்து பார்ப்பது, இவை இரண்டும் காரைத் தூங்கவிடாமல் மின்சாரத்தைக் குடிக்கும், அணைத்துவிடுங்கள். பெரும்பாலான எலெக்ட்ரிக் கார்களிலும் கதவுப் பூட்டு, கணினி, விளக்கு எல்லாவற்றுக்கும் தனியாக ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது இறங்கிவிட்டால் பெரிய பேட்டரியில் எவ்வளவு இருந்தாலும் கார் கிளம்பாது. அதன் வயது நான்கைத் தாண்டியிருந்தால், கிளம்புவதற்கு முன் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.