குண்டு எவ்வளவு விரிய வேண்டும்?

1946-ல் ஜான் நாஸ்லர் என்ற அமெரிக்கர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா காட்டில் ஒரு மூஸ் மானைச் சுட்டார். கையில் வலுவான .300 மேக்னம் ரைஃபிள், தூரமும் அதிகமில்லை. ஆனாலும் மான் விழவில்லை. அதன் தோலில் சேறு அப்பிக் காய்ந்திருந்தது. குண்டுகள் மோதிய வேகத்தில் மேலேயே சிதறிவிட்டன.

துப்பாக்கிக்கு வலு போதவில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் குண்டைக் கெடுத்ததே வேகம்தான்.

வேட்டைக் குண்டு பெரும்பாலும் ஈயம், மேலே மெல்லிய செம்பு உறை. நுனியில் மட்டும் ஈயம் வெளியே தெரியும். உடலுக்குள் பாயும்போது எதிர்ப்படும் சதையின் அழுத்தம் அந்த நுனியைப் பின்னோக்கி மடக்க, குண்டு காளான் மாதிரி விரிகிறது. காயம் அகலமாகி மிருகம் சீக்கிரம் சாகிறது. ஆனால் விட்டம் இரண்டு மடங்கானால் முகப்பின் பரப்பு நான்கு மடங்காகும். தடையும் அதற்கேற்பக் கூடும், ஆழம் குறையும். அழுத்தமோ வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. அதனால் 20 மீட்டரில் பொடியாகிற அதே குண்டு, வேகம் தணிந்து 250 மீட்டரில் அழகாக விரியலாம். இன்னும் தள்ளிப் போனால் விரியாமலே ஊசி மாதிரி துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும், மிருகம் காயத்தோடு ஓடும். எந்த மிருகம், எவ்வளவு தூரம் என்று தெரியாமல் குண்டு வாங்கக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

நாஸ்லர் குண்டின் நடுவே செம்பிலேயே ஒரு தடுப்புச் சுவர் வைத்தார். முன்பாதி ஈயம் விரியும், சிதறவும் செய்யும். பின்பாதி அப்படியே நின்று உள்ளே தள்ளிக்கொண்டு போகும். 1948-ல் விற்பனைக்கு வந்தது, இன்றும் கடைகளில் கிடைக்கிறது.

பெரிய விட்டத் துப்பாக்கிகளில் இந்தக் கணக்கு இன்னும் கறார். 1912-ல் வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் என்ற தோட்டாவில் வழக்கமான குண்டு 300 கிரெய்ன், அதாவது சுமார் 19.4 கிராம். நொடிக்கு 770 மீட்டர் அளவில் கிளம்பும். ஆப்பிரிக்காவில் சிங்கத்துக்கு விரியும் குண்டு போடுவார்கள். யானையின் மண்டையோடு தேனடை போல அறை அறையாக, அத்தனை தடிமனாக இருப்பதால் அங்கே விரியாத 'சாலிட்' குண்டுதான் மூளை வரை போகும். துப்பாக்கி அதேதான், தோட்டாவை மட்டும் மாற்றுவார்கள்.

இப்போது முழுச் செம்புக் குண்டுகளும் இருக்கின்றன. நுனியில் ஒரு குழி, மோதியதும் நான்கு இதழாக மலரும், எடை ஏறக்குறைய குறையாது. செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைவு, அதனால் அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும். சற்று எடை குறைந்ததை எடுத்து இதைச் சரிக்கட்டலாம்.

நான் செம்பின் பக்கம். ஈயக் குண்டால் சுட்ட மானை எக்ஸ்ரே எடுத்தால், காயத்தைச் சுற்றி வெகுதூரம் வரை பனித்தூவல் போல வெள்ளைப் புள்ளிகள் தெரியும். எல்லாம் ஈயத் துகள். வேட்டைக்காரர்கள் காட்டில் விட்டுப்போகும் குடலைத் தின்று கலிஃபோர்னிய காண்டார் கழுகுகள் பல நஞ்சேறிச் செத்தன. 1982-ல் உலகில் மிஞ்சியவை 22 பறவைகள். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது.