வம்சாவளியே பட்டா: ஸ்வாத் யூசுப்சாய்களின் நிலப் பங்கீடு

ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் வாழும் பஷ்தூன் மக்களில் பெரிய குலங்களில் ஒன்று யூசுப்சாய். காந்தஹார்ப் பக்கமிருந்து காபூலுக்கு வந்தவர்கள் என்கிறது குல மரபு. 15-ஆம் நூற்றாண்டில் காபூலை ஆண்ட மிர்சா உலுக் பெக் அவர்களுடைய தலைவர்களைக் கொன்றுவிட, தப்பியவர்கள் மாலிக் அகமதுவின் பின்னே பெஷாவர் சமவெளிக்கு இறங்கினார்கள். அங்கிருந்த திலாசாக் குலத்தாரை விரட்டி, 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்றைய பாகிஸ்தானின் வடமேற்கில் உள்ள ஸ்வாத் பள்ளத்தாக்கையும் பிடித்தார்கள்.

பிடித்த நிலத்தை எப்படிப் பிரிப்பது? 1530 வாக்கில் ஷேக் மாலி வகுத்த முறைதான் 'வேஷ்'. முதலில் பெரிய கிளைகளுக்கு வட்டாரங்கள்: ஆக்கோசாய்களுக்கு ஸ்வாத், இலியாஸ்சாய்களுக்குப் பக்கத்துப் பகுதியான புனேர். பிறகு தாத்தா வழி, அப்பா வழி என்று வம்சாவளி பிரிகிற இடத்திலெல்லாம் நிலமும் பிரியும். கிராமத்து நிலத்தை ஆற்றுப் பாசனம், மேட்டுப் புன்செய் எனத் தரவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு தரத்திலும் ஒவ்வொருவருக்கும் பங்கு வைத்தார்கள். அப்படியும் ஊருக்கு ஊர் வளம் ஒன்றாக இருக்காது. அதனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, பல இடங்களில் பத்தாண்டுக்கு ஒருமுறை, சீட்டுப் போட்டுக் கிளைகள் ஊரையே மாற்றிக்கொண்டன. பங்குதாரர் குடும்பத்தோடு கிளம்புவார். குத்தகை உழவர்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். பங்கை இழந்தவருக்கு ஜிர்கா என்னும் குலச் சபையில் பேச்சு இல்லை.

வம்சாவளியை இவர்கள் ஏன் இவ்வளவு கவனமாக மனப்பாடம் செய்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. அதுதான் பட்டா. எல்லாப் பஷ்தூன்களையும் கைஸ் அப்துர் ரஷீத் என்ற ஒரே மூதாதையிடம் கொண்டு சேர்க்கும் நீண்ட பட்டியல், 1613-இல் ஜஹாங்கீர் காலத்தில் தொகுத்த நூலில் இருக்கிறது. அதை ரத்த உறவுக்குச் சான்றாகக் கொள்ள முடியாது.

வேஷின் பலவீனமும் அதற்குள்ளேயே இருந்தது. விட்டுப்போகப் போகிற மண்ணில் யார் மரம் வைப்பார்கள், நல்ல வீடு கட்டுவார்கள்? பங்காளிகளின் நிலம் அடுத்தடுத்து இருந்ததால் வரப்புச் சண்டை அண்ணன் தம்பி பிள்ளைகளுக்குள்தான் மூண்டது. 'தர்பூர்வலி' என்னும் இந்தப் பங்காளிப் பகையால் ஊர்தோறும் இரண்டு அணிகள். வெளியிலிருந்து படை வந்தால் மட்டும் ஒன்றுசேர்ந்தார்கள். 1586-இல் அக்பரின் படை இந்த மலைகளில் சிதறியது. பீர்பால் அங்கேதான் மாண்டார்.

1920-களில் ஸ்வாத்தை ஆண்ட மியாங்குல் அப்துல் வதூத், நிலத்தை நிரந்தரமாகப் பிரித்துக் கொடுத்து வேஷை நிறுத்தினார். அதன் பிறகுதான் பங்குதாரர்கள் தங்கள் மண் என்று நம்பி வீடு கட்ட முடிந்தது.