பப்: கடையா, மனையா?

இங்கிலாந்திலிருந்து ஊருக்குப் போன் பேசும்போது, "ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஆத்தங்கரையில ஒரு பப்புக்குப் போய்ச் சாப்பிட்டோம்மா" என்று சொல்லிவிட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "குழந்தையையும் கூட்டிக்கிட்டா?" என்று கேட்டார்.

குழந்தையையும்தான். பக்கத்து மேசையில் ஒரு பாட்டி பட்டாணியை ஒவ்வொன்றாகக் குத்திச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் காலடியில் ஈரக் காலோடு ஒரு கிழட்டு நாய் படுத்திருந்தது.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. சென்னையிலும் பெங்களூரிலும் பப் என்றால் மங்கிய வெளிச்சம், காதைப் பிளக்கும் பாட்டு, வாசலில் பவுன்சர். நம் செய்தித்தாள்கள் அதை 'மதுபான விடுதி' என்று எழுதுகின்றன, சமயத்தில் 'இரவு விடுதி' என்றும். இங்கிலாந்தின் கிராமத்துப் பப்புக்கு இரண்டுமே ஒட்டாது. அது பகலிலும் களைகட்டும் இடம். பெரும்பாலானவற்றில் தங்க அறையும் கிடையாது.

பப் என்பது 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம். பப்ளிக் என்பதற்கு மூலம் 'மக்களுக்கு உரிய' என்று பொருள்படும் 'பூப்ளிக்குஸ்' என்ற லத்தீன் சொல். ஆக, யாரும் நுழையலாம் என்று கதவைத் திறந்து வைத்த வீடு. முழுப் பெயரில் மதுவைக் குறிக்கும் எழுத்து ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். பப் என்று வெட்டிச் சொல்லும் பழக்கம் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் பரவியது.

அதற்கு முன்பு மூன்று பெயர்கள் தனித்தனியாக இருந்தன. ஏல் என்ற பீர் மட்டும் கிடைப்பது ஏல்ஹவுஸ். ஒயின் ஊற்றுவது டாவெர்ன். வழிப்போக்கருக்குப் படுக்கையும் குதிரைக்குக் கொட்டிலும் தருவது இன். இவை மூன்றும் காலப்போக்கில் பப்ளிக் ஹவுஸ் என்ற ஒரே கூரைக்குள் வந்துவிட்டன. அதனால்தான் இன்று படுக்கையே இல்லாத பப்கூட 'இன்' என்று பலகை மாட்டியிருக்கிறது.

ஆற்றங்கரைப் பப்களில் இது நன்றாகத் தெரியும். ஆக்ஸ்ஃபர்டிலிருந்து தேம்ஸ் கரையோரமாக வடக்கே நடந்தால், ஆற்றுக்கு அந்தப் பக்கம் குதிரைகளும் மாடுகளும் மேயும் போர்ட் மெடோ என்ற பெரிய புல்வெளி. இந்தப் பக்கம் பின்சி என்ற சிற்றூரில் கூரை வேய்ந்த 'தி பெர்ச்'. இன்னும் நடந்து, மன்னர் எட்டாம் ஹென்றி காலத்தில் கலைக்கப்பட்ட காட்ஸ்டோ கன்னிமாடத்தின் இடிந்த சுவர்களைத் தாண்டிப் பாலம் ஏறினால் 'தி டிரவுட்'. தடுப்பணையில் தண்ணீர் விழும் சத்தத்தில், எதிரே இருப்பவரிடம் சற்று உரக்கத்தான் பேச வேண்டும். பெர்ச், டிரவுட் இரண்டுமே ஆற்று மீன்களின் பெயர்கள். ஸ்வான், ஆங்கர், அதாவது அன்னம், நங்கூரம் என்ற பெயர்களும் ஆற்றோரங்களில் அடிக்கடி கண்ணில் படும். ரயில் வருவதற்கு முன்பு சரக்கெல்லாம் படகில் போயிற்று. கரையில் குதிரை கட்டி இழுத்தார்கள். படகுக்காரருக்குச் சோறும் குதிரைக்குத் தீனியும் கிடைத்த இடங்களில் பல, இன்று நாம் மேசை பிடிக்க முண்டியடிக்கும் பப்களாகிவிட்டன.

இனி 'பார்'. முதன்முதலாக ஒரு பப்புக்குப் போனபோது மேசையில் உட்கார்ந்து, சர்வர் வருவார் என்று இருபது நிமிடம் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. பக்கத்திலிருந்தவர் இரக்கப்பட்டு, "நீங்கதான் பாருக்குப் போய்ச் சொல்லணும்" என்றார். நான் உட்கார்ந்திருந்ததே பார்தானே என்று குழம்பினேன். அங்கே பார் என்றால் முதலில் அந்த நீண்ட மரப் பலகைதான். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே போட்ட குறுக்குக் கட்டை. அந்தக் கட்டையின் பெயர் பிறகு அது இருக்கும் அறைக்கும் ஏறியது, அறையின் பெயர் கடைக்கும் ஏறியது. நாம் 'மதுக்கூடம்' என்று எழுதுவது அந்தக் கடைசிப் பொருளை.

கட்டையருகே போய் மேசை எண்ணைச் சொல்லி, காசு கொடுத்து, கோப்பையை நாமே கொட்டாமல் தூக்கிவர வேண்டும். சாப்பாடு பின்னால் வரும். ஒரு பைண்ட் என்பது 568 மில்லி. நிலவறைப் பீப்பாயிலிருந்து கைப்பம்பால் இழுத்து ஊற்றும் ஏல், ஐஸ் போலச் சில்லென்று இருக்காது, நுரையும் பொங்காது. பாட்டில் பீருக்குப் பழகிய நம்மவர்கள் முதல் வாயிலேயே முகத்தைச் சுளிப்பார்கள். ஞாயிறு மதியம் என்றால் சுட்ட இறைச்சி, உருளைக்கிழங்கு, மேலே ஊற்றிக்கொள்ள கிரேவி, கூடவே யார்க்‌ஷயர் புட்டிங். பெயரைப் பார்த்து இனிப்பு என்று நினைக்க வேண்டாம். முட்டையும் பாலும் மாவும் கலந்து அடுப்பில் வைத்து, பூரி மாதிரி உப்பவிட்ட பண்டம். 18 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் 16, 17 வயதுப் பிள்ளைகள் சாப்பாட்டோடு, கூட வந்த பெரியவர் வாங்கித் தந்த பீரோ ஒயினோ சைடர் என்ற ஆப்பிள் மதுவோ குடிக்கத் தடையில்லை. அம்மாவிடம் இதை மட்டும் சொல்லவில்லை.

பப்பை நடத்துபவர் 'பப்ளிகன்'. மொழிபெயர்ப்பவர்கள் இங்கே வழுக்கி விழலாம். ரோமில் அரசு வரியைக் குத்தகை எடுத்து வசூலித்தவர்களுக்கும் இதே பெயர்தான். பழைய ஆங்கில பைபிளில் 'பப்ளிகன்' என்று வரும் இடங்களில் நம் தமிழ் வேதாகமம் 'ஆயக்காரர்' என்று சரியாகவே சொல்கிறது. அவர்கள் யாரும் பீர் ஊற்றியவர்கள் அல்ல.

பேச்சு வழக்கில் பப்காரரை 'லேண்ட்லார்ட்' என்பார்கள். வீட்டுக்காரர்! பப் ஒரு வீடு என்ற நினைப்பு அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இந்த வீட்டுக்காரர்களில் பலர் மது ஆலைக்கோ ஒரு கம்பெனிக்கோ குடிக்கூலி கட்டி இருப்பவர்கள். கட்டடத்தின் சொந்தக்காரர் சொல்லும் பீரைத்தான் வாங்க வேண்டும் என்று ஒப்பந்தம் இருந்தால் அது 'டைட் ஹவுஸ்', கட்டுண்ட வீடு. அந்தக் கட்டு இல்லாதது 'ஃப்ரீ ஹவுஸ்'. பலகையில் இதைப் பார்த்துவிட்டு இலவசம் என்று உள்ளே நுழைந்துவிடாதீர்கள்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? மதுக்கடை ஆகாது. வாங்கிக்கொண்டு நடையைக் கட்டும் இடம் கடை. 'இன்' என்பதற்குச் சத்திரம் உண்டு. இயேசு பிறந்தபோது இடமில்லாமல் போனதும் தமிழில் சத்திரத்தில்தான். ஆனால் நம் சத்திரம் தருமத்துக்குக் கட்டியது, அங்கே பீர் கேட்டால் அடிதான் விழும். டாவெர்னுக்கு ஈழத்தமிழில் அருமையான சொல் இருக்கிறது: தவறணை. கள்ளுத் தவறணை என்று யாழ்ப்பாணத்தில் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். டாவெர்னும் தவறணையும் லத்தீன் 'தபேர்னா' வழி வந்த உறவுக்காரர்கள். தபேர்னா என்றால் குடில், கடை. இதையே சிறியதாகச் சுட்டும் வடிவமான 'தபேர்னாக்குலும்' என்றால் கூடாரம். பைபிளில் வழிபாட்டுக்கென்று அமைத்த ஆசரிப்புக் கூடாரத்துக்கு 'டாபர்னக்கிள்' என்ற ஆங்கிலப் பெயர் வந்தது அதிலிருந்து. கோயிலும் கள்ளுக்கடையும் ஒரே வேரில். ஆனால் தவறணை என்றதும் கள் வாடைதான் மூக்கில் ஏறுகிறது, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு நினைவுக்கு வருவதில்லை.

பப்ளிக் ஹவுஸை நேராகப் பெயர்த்து 'பொதுமனை' என்று வைக்கலாமே என்று தோன்றும். வைத்துவிடாதீர்கள். பொதுமகளிர் என்ற சொல் தமிழில் இருக்கும்வரை அந்தப் பெயரைப் பலகையில் எழுத முடியாது.

ஆனால் இந்தக் கருத்தைத் தமிழ் எப்போதோ சொல்லிவிட்டது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வருகிறார். மீனைத் துண்டுபோட்டு, இறைச்சியை அறுத்துப் பொரிக்கும் ஓசை கேட்கும் முற்றம். அங்கே மணலைக் குவித்துப் பூத்தூவியிருக்கிறார்கள். பிறகு இப்படி ஒரு வரி:

"பலர் புகு மனைப் பலிப் புதவின்
நறவு நொடைக் கொடியோடு"

பலரும் நுழையும் மனை, படையல் வைத்த வாசல், கள் விலைக்கு உண்டு என்று காட்டும் கொடி. பலர் புகு மனையைப் பப்ளிக் ஹவுஸுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடையாளம் கட்டுவதிலும் ஒற்றுமை இருக்கிறது. ஏல் விற்பவர்கள் வாசலில் அடையாளம் தொங்கவிட வேண்டும் என்று இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ரிச்சர்ட் 1393-இல் ஆணையிட்டான். இன்றைய பப் பலகைகளில் தொங்கும் மீனும் அன்னமும் அந்த வழக்கத்தின் தொடர்ச்சி. மீன் பொரியும் ஓசை, மது, ஆறு, வாசலில் ஓர் அடையாளம்: காவிரிக் கரையில் எதுவும் குறையவில்லை.

'பலர் புகு மனை'யை அன்றாடம் எழுத முடியாதுதான். என் ஓட்டு 'அருந்தகம்' என்பதற்கு. விருந்தும் அருந்துகிறோம், தேநீரும் அருந்துகிறோம். சாப்பாடு, குடி இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் வினை இது. சிலர் இதைப் பாருக்கும் போடுகிறார்கள். பாருக்கு மதுக்கூடம் இருக்கட்டும், அருந்தகத்தைப் பப்புக்கு விட்டுவிடலாம். கதையிலோ பயணக் கட்டுரையிலோ முதல் தடவை 'பப் என்னும் ஊர் அருந்தகம்' என்று எழுதிவிட்டால் பிறகு எப்படியும் எழுதிக்கொள்ளலாம்.

அடுத்த வாரம் போனில், "அருந்தகம்மா, ஆத்தோரத்துல" என்று சொல்லிப் பார்த்தேன். "ஹோட்டலா? காபி நல்லா இருக்குமா?" என்றார் அம்மா. இருக்காது என்று உண்மையைச் சொன்னேன்.