சுவரோடு ஊரும் குரல்

லண்டனின் தூய பவுல் பேராலயத்தில் 257 படிகளுக்கு மேலே, தரையிலிருந்து ஏறத்தாழ 30 மீட்டர் உயரத்தில், குவிமாடத்தின் அடியை வட்டமாகச் சுற்றிவரும் ஒரு மாடம் உண்டு. 1666ஆம் ஆண்டுப் பெருந்தீயில் பழைய ஆலயம் அழிந்தபின் கிறிஸ்டோபர் ரென் வடிவமைத்த இக்கட்டடத்தில், 'கிசுகிசுப்பு மாடம்' எனப் பெயர்பெற்ற அவ்விடத்தின் சுவரோரம் ஒருவர் மெல்லப் பேசினால், சுமார் 34 மீட்டர் அப்பால், எதிர்ச்சுவரில் காதைச் சாய்த்திருப்பவருக்கு அது தெளிவாகக் கேட்கிறது.

குவிமாடத்தின் வளைவு ஒலியைத் திருப்பி எதிர்முனையில் குவிக்கிறது என்று வானியலாளர் ஜார்ஜ் ஏரி விளக்கினார். அது சரியென்றால் எதிர்முனையில் மட்டுமே குரல் கேட்க வேண்டும். ஆனால் சுவர் நெடுகிலும் கேட்கிறதே! இந்த முரண்பாட்டைப் பிடித்துக்கொண்ட இயற்பியலாளர் ரேலே பிரபு, ஒலி குவிவதில்லை, உட்குழிந்த சுவரை ஒட்டியே ஊர்ந்து செல்கிறது என்று காட்டினார்.

சுவரை உரசினாற்போல, அதனோடு 10 பாகைக் கோணத்தில் புறப்படும் ஒலிக்கதிர், சுவரில் பட்டுத் திரும்பும் ஒவ்வொரு முறையும் அதே கோணத்திலேயே திரும்புவதால், 17 மீட்டர் ஆரமுள்ள இவ்வட்டத்தில் அது எத்தனை முறை தத்திச் சென்றாலும் சுவரிலிருந்து சுமார் 26 சென்டிமீட்டருக்கு மேல் விலகுவதில்லை. திறந்தவெளியில் ஒலியின் செறிவு தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் தேயும். இக்குறுகிய பட்டையில் அடைபட்ட ஒலியோ, ஏறத்தாழத் தூரத்துக்கு எதிர்விகிதத்தில் மட்டுமே தேய்கிறது. அலைநீளம் குறையக் குறைய இந்தப் பிடிப்பு இறுகும் என்பதால், குறுகிய அலைநீளமுள்ள சீறொலிகள் மிகுந்த கிசுகிசுப்புக்கு இச்சுவர் மிகவும் பொருந்திவிடுகிறது.

ரேலே இதைச் சோதித்த விதம் அழகானது. அரைவட்டமாக வளைத்த துத்தநாகத் தகட்டின் ஒரு முனையில் கீச்சொலி எழுப்பும் ஊதலையும், மறுமுனையில் ஒலி பட்டால் துடிக்கும் எரிவாயுச் சுடரையும் வைத்தார். தகட்டின் உட்புறத்தை ஒட்டி ஒரு குறுகிய தடுப்பை நிறுத்தியதுமே சுடரின் துடிப்பு அடங்கிவிட்டது; ஒலி தகட்டை ஒட்டியே வந்திருந்தது.

1921இல் லண்டன் சென்றிருந்த சி. வி. ராமன், ஆய்வாளர் சதர்லாந்துடன் இணைந்து இந்த மாடத்திலேயே சோதனைகள் செய்தார். சுவரிலிருந்து நடுவெளியை நோக்கி நகர்ந்தால் ஒலி சீராகக் குறையவில்லை. அடுத்தடுத்த வளையங்களாகக் கூடியும் குறைந்தும் கேட்டது. ரேலேயின் விளக்கம் மட்டும் அதற்குப் போதவில்லை.