ஆறு அறைகள், ஒரே நெருப்பு

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்குக் குறைவில்லை. பர்மாத் தேக்குத் தூணின் துண்டு, எனாமல் தூக்குச்சட்டி, ரசம் போன பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். சென்ற ஆண்டு அப்படி ஒரு குவியலிலிருந்து என் கைக்கு ஒரு ரிவால்வர் வந்தது. எட்டுப் பட்டை போட்ட நீண்ட குழல், மரப்பிடி, விசைக்குப் பித்தளை நிறத்தில் வளையம். 1851ஆம் ஆண்டு மாதிரியான கோல்ட் நேவி என்ற அமெரிக்க ரிவால்வரின் உருவம் அப்படியே இருந்தது.

"காந்தத்தை வைத்துப் பாருங்கள், தம்பி" என்று இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுத்தார் கடைக்காரர். எங்கு வைத்தும் ஒட்டவில்லை. அது துத்தநாகக் கலவையில் வார்த்த அலங்காரப் பிரதி. குழலின் துளையும் உள்ளே அடைபட்டிருந்தது. ஆனால் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்ததும், மருந்தும் குண்டும் வைக்கும் ஆறு அறைகள் கொண்ட உருளை ஆறில் ஒரு பங்கு திரும்பி 'டக்' என்று நின்றது. அந்த ஒரு சத்தத்துக்காகவே அதை வாங்கி வந்தேன்.

அதன் அருமை புரிய, அதற்கு முந்தைய துப்பாக்கியைப் பார்க்க வேண்டும். சிவகங்கைச் சீமையில் மருது சகோதரர்கள் கம்பெனிப் படையோடு மோதிய 1801இல், கம்பெனிச் சிப்பாயின் கையில் இருந்தது கல்பொறித் துப்பாக்கி. குழலின் வாய் வழியாக மருந்தும் குண்டும் கெட்டிக்க வேண்டும். வெளியே ஒரு சிறு கிண்ணத்தில் கொஞ்சம் மருந்து வைக்க வேண்டும். சிக்கிமுக்கிக்கல் எஃகில் உரசி அந்தக் கிண்ணத்தில் பொறி விழும். மழையில் கிண்ணம் நனைந்தால் துப்பாக்கி வெறும் தடிதான். நனையாவிட்டாலும் ஒரு முறை சுட்டதும் மறுபடி கெட்டிக்க வேண்டும்.

பொறிக்கு மாற்றுக் கண்டவர் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத். அடித்தாலே வெடிக்கும் வேதிப்பொருளைக் கொண்டு மருந்தைப் பற்றவைக்கும் முறைக்கு 1807இல் காப்புரிமை பெற்றார். பின்னால் அது செம்புத் தகட்டில் செய்த சிறு தொப்பியாக மாறியது. தீபாவளிக்குப் பிள்ளைகள் சுடும் பொட்டு வெடியும் இதே தத்துவத்தில்தான் வெடிக்கிறது: நெருப்பு வேண்டாம், ஓர் அடி போதும். கிண்ணம் ஒழிந்தது, மழைப் பயமும் பெருமளவு குறைந்தது. சாமுவேல் கோல்ட் 1835இல் இங்கிலாந்திலும் 1836இல் அமெரிக்காவிலும் காப்புரிமை பெற்ற சுழல் துப்பாக்கி இந்தத் தொப்பி இல்லாமல் பிறந்திருக்காது.

இனி அந்த 'டக்'குக்கு வருவோம். சைக்கிளின் பின்சக்கரத்தில் ஃப்ரீவீல் எழுப்பும் சத்தம் நினைவிருக்கிறதா? பல்லும் கொக்கியும் சேர்ந்து ஒரு பக்கம் மட்டும் தள்ளும் ஏற்பாடு அது. ரிவால்வர் உருளையின் பின்புறத்திலும் அப்படி ஆறு பற்கள் உண்டு. சுத்தியலோடு இணைந்த ஒரு சிறு நெம்பு, பல்லுக்கு ஒரு தள்ளாக உருளையைத் திருப்பும். துப்பாக்கிக் கம்மியர்கள் அதைக் 'கை' என்கிறார்கள். உருளையைச் சுற்றி ஆறு பள்ளங்கள். அடியில் ஒரு தாழ்ப்பாள். சுத்தியல் எழும்போது முதலில் தாழ்ப்பாள் இறங்கிப் பள்ளத்தை விடும். பிறகு கை தள்ளும், உருளை திரும்பும். அடுத்த அறை குழலுக்கு நேராக வரும் கணத்தில் தாழ்ப்பாள் எழும்பி அடுத்த பள்ளத்தில் விழ வேண்டும். முந்தினால் உருளையின் மேல் உரசி வட்டமாகக் கோடு போடும். பழைய துப்பாக்கி சேகரிப்பவர்கள் முதலில் தேடுவது அந்தக் கோட்டைத்தான். பிந்தினால் அறை குழலைத் தாண்டிப் போய்விடும். ஒரு கட்டைவிரல் அசைவுக்குள் இத்தனையும் நடந்து முடிகிறது. எனக்கு இது கடிகாரத்துக்குக் குறைந்த வேலையாகத் தோன்றவில்லை.

ஆனால் பக்கத்துப் பக்கத்தில் ஆறு அறைகளிலும் மருந்து. ஒன்று பற்றினால் மற்றவை? உருளைக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடுக்கில் தீ பீறிடும். அது பக்கத்து அறைக்குள் புகுந்தால் வரிசையாக வெடிக்கும். தடுப்பது ஈயக் குண்டின் அளவு. அறையின் வாயைவிடக் குண்டு சற்றே பெரிது. நெம்புகோலால் உள்ளே அழுத்தும்போது அதன் ஓரம் மெல்லிய ஈய வளையமாகச் சீவப்பட்டு வெளியே வரும். முழு வளையம் விழுந்தால் குண்டு அறையை இடைவெளி இல்லாமல் அடைத்துவிட்டது என்று பொருள். அதன்மேல் கொழுப்பும் தேன்மெழுகும் கலந்து பூசுவார்கள்.

சுடக்கூடிய எஃகுப் பிரதிகளில் பெரும்பகுதி இத்தாலியில், கார்டோனே வால் ட்ரோம்பியா என்ற ஊரிலிருந்து வருகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு 1961இல் நெருங்கியபோது இந்தத் தொழில் சூடுபிடித்தது. குழலில் 'கரிமருந்து மட்டும்' என்று பொறித்திருப்பார்கள். இன்றைய புகையில்லா மருந்தின் அழுத்தத்தை அந்தப் பழைய வடிவம் தாங்காது. இந்தக் கரிமருந்துத் துப்பாக்கிகளுக்கெனப் பன்னாட்டுப் போட்டிகளும் உண்டு. 25 மீட்டர் தொலைவில் 13 முறை சுட்டு, சிறந்த 10 மட்டும் கணக்கில் வரும். நம் நாட்டில் பழுதுபார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கே 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் விலக்குத் தருகிறது. சுடும் பிரதிக்கு உரிமம் கட்டாயம்.

சுடுவதைவிடச் சுட்டபின் கழுவுவதே பெரிய வேலை. வெடியுப்பு, கரி, கந்தகம் சேர்ந்த கரிமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். அந்த வெண்புகை முழுக்கப் பொட்டாசியம் உப்புகளின் தூள். அவை காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கும். எண்ணெய் விட்டால் போகாது, ஏனென்றால் உப்பு எண்ணெயில் கரைவதில்லை. சூடான சோப்புத் தண்ணீர்தான் மருந்து. அதன் பிறகு நன்றாக உலர்த்தி எண்ணெய் பூச வேண்டும். உலோக அரிப்பை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இதே காரைக்குடியில் இயங்குகிறது. துருவின் வேதியியல் நம் ஊருக்குப் பழகிய பாடம்.

என் பிரதியை வீட்டு முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து எத்தனை நூறு தடவை இழுத்திருப்பேனோ, இப்போது உருளை பள்ளத்துக்குச் சற்று முன்னாலேயே நின்றுவிடுகிறது. திருகைக் கழற்றிப் பார்த்தேன். உருளையைத் தள்ளும் அந்தக் 'கை'யின் நுனி மழுங்கியிருந்தது. துத்தநாகம் மென்மையான உலோகம். சுடும் துப்பாக்கியில் இந்த அளவு தேய்மானம் வந்தால், குண்டு குழலின் விளிம்பில் மோதி ஈயத்தைப் பக்கவாட்டில் சிதறடிக்கும். அறையிலிருந்து குழலுக்குள் நேராக நுழைய அது தவறுவது ஒரு மயிரிழைதான்.