'விண்டேஜ்' என்றால் பழங்காலம் இல்லை

"பழங்கால போலந்து கண்ணாடிப் பூச்சாடி." 'விண்டேஜ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் 'பழங்கால' என்று தமிழ் போட்டு எழுதிய இந்தத் தொடரைப் போன மாதம் மட்டும் நான்கு இடங்களில் படித்துவிட்டேன். நான்காவது இடத்தில் படத்தில் இருந்தது யான் சில்வெஸ்டர் ட்ரோஸ்ட் வடிவமைத்த 'ஆஸ்டராய்டு' வரிசைப் பூச்சாடி. போலந்தின் தெற்கே ஸொம்ப்கொவிட்செ கண்ணாடி ஆலையில், எழுபதுகளில், உருகிய கண்ணாடியை இரும்பு அச்சில் விட்டு மேலிருந்து அழுத்தி ஆயிரக்கணக்கில் செய்து கடைகளுக்கு அனுப்பிய சாமான் அது. அந்த நேரத்தில் இங்கே நம் வீடுகளில் டிரான்சிஸ்டர் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அதைப் போய் பழங்காலம் என்று எழுதினால் படிக்கிறவர் என்ன நினைப்பார்?

என்ன நினைப்பார் என்று எனக்கு நேரிலேயே தெரியும். என்னிடம் இருக்கும் புகைநிறப் பூச்சாடி ஒன்றைப் பார்த்த என் அத்தை, "ஏம்ப்பா, பழங்காலத்துதுன்னு சொல்றியே, எந்த ராஜா காலத்துது?" என்று கேட்டார். ராஜா காலம் இல்லை அத்தை, எழுபத்துநாலு வாக்கில் செய்தது என்றேன். "அட, என் கல்யாண காலத்துதா! அதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானே" என்றார். தப்பு என்னுடையதுதான், நானும் அதுவரை அந்தச் சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தை வாயில் வந்த அந்தச் சொல்லைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் சொல்லின் பிறப்பு. இலத்தீனில் 'வின்டேமியா' என்றால் திராட்சை அறுவடை: 'வீனும்' என்பது திராட்சை மது, 'டேமெரே' என்றால் பறித்தெடுப்பது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'விண்டேஜ்' ஆனது. அறுவடையைக் குறித்தது, அப்புறம் ஓர் ஆண்டின் அறுவடையில் வந்த மதுவை, அப்புறம் அந்த ஆண்டையே குறித்தது. பிறகு மதுவை விட்டு மற்ற சாமான்களுக்கும் தாவியது. பிரிட்டனில் 1934-இல் தொடங்கிய விண்டேஜ் கார்ச் சங்கம், 1930 முடிவதற்குள் செய்த கார்களுக்கு இந்தப் பெயரை வைத்தது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான். இந்தச் சொல்லின் உயிர் 'பழையது' என்பதில் இல்லை, 'இன்ன ஆண்டில் விளைந்தது' என்பதில் இருக்கிறது. பாட்டிலின் மேல் ஆண்டை எழுதி ஒட்டுகிறார்களே, அதுதான் விண்டேஜ்.

'பழங்கால' என்ற சொல்லில் ஆண்டுக்கு இடமே இல்லை. பழங்காலம் என்றால் நமக்கு முதுமக்கள் தாழி, நாணயம், கல்வெட்டு. நம் நாட்டின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம்கூடப் பொதுவாக ஒரு பொருளுக்கு நூறு வயதாவது ஆகியிருந்தால்தான் அதைத் தொல்பொருள் என்கிறது, கையெழுத்துச் சுவடி போன்றவற்றுக்கு மட்டும் எழுபத்தைந்து. ஆங்கிலக்காரர்கள் நூறு வயதுச் சாமானுக்கு 'ஆன்டிக்' என்றும் அதற்குக் கீழே உள்ளதற்கு 'விண்டேஜ்' என்றும் இரண்டு சொல் வைத்துப் பிரிக்கிறார்கள். நாம் இரண்டையும் 'பழங்கால' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம். ஊட்டியிலோ சென்னையிலோ கார் அணிவகுப்பு நடந்தால் மறுநாள் செய்தித்தாளில் 'பழங்கால கார்கள்' என்று வருகிறது. பழங்காலத்தில் ஏது கார்? 'புராதன', 'தொன்மையான' என்று எழுதுகிறவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய்விடுகிறார்கள், அவை கோயிலுக்குப் பொருந்தும் சொற்கள்.

இதற்கு மாற்றாக ஒரு சொல்லைச் சிலர் முன்வைக்கிறார்கள்: 'நாட்படு'. புறநானூற்றில் ஔவையார் பாட்டில் 'நாட்படு தேறல்' வருகிறது, பல நாள் வைத்துப் பதப்படுத்திய கள். விண்டேஜும் மதுவில் பிறந்த சொல், நாட்படு தேறலும் மது, ஆகவே 'நாட்படு கலன்', 'நாட்படு பூச்சாடி' என்று சொல்லலாம் என்பது அவர்கள் வாதம். முதன்முதலில் கேட்டபோது எனக்கும் பிடித்திருந்தது, இரண்டு நாள் அதையே சொல்லிப் பார்த்தேன். ஆனால் பொருந்தவில்லை. நாட்படுவது என்பது நாளாக ஆகப் பொருளுக்குள் மாற்றம் நடப்பது: கள் கடுப்பேறும், ஊறுகாய் ஊறும், நோய் முற்றும். நாட்பட்ட நோய் என்றுதான் இன்றைக்கு அந்தச் சொல் நம் வாயில் இருக்கிறது, நாட்பட்ட இருமல், நாட்பட்ட புண். கண்ணாடி அப்படி ஊறுவதில்லை. ஆலையில் மெல்ல ஆறி வெளியே வந்த அன்றைக்கு என்ன நிறமோ, ஐம்பது வருடம் கழித்தும் அதே நிறம். ஒரு பூச்சாடியைத் தேடி வாங்குகிறவர் அது ஊறியிருக்கிறது என்று வாங்குவதில்லை. இன்ன பத்தாண்டில், இன்ன ஆலையில், இன்னார் கையில் பிறந்த வடிவம் என்றுதான் வாங்குகிறார். 'நாட்படு' எவ்வளவு நாள் கடந்தது என்று சொல்கிறது, விண்டேஜ் எந்த நாளில் பிறந்தது என்று சொல்கிறது. சங்கச் சொல் என்பதற்காக மட்டும் பொருள் மாறிய இடத்தில் கொண்டுவந்து உட்காரவைப்பது தமிழுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. தனித்தமிழில் எனக்கு ஆசை உண்டு, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, அப்படியானால் என்ன சொல்வது? அத்தை சொன்னதைத்தான். 'காலத்து.' வெள்ளைக்காரன் காலத்துப் பாலம், தாத்தா காலத்துக் கடிகாரம், எம்.ஜி.ஆர். காலத்துப் படம். தமிழில் இது உயிரோடு இருக்கும் வழக்கு, யாரும் உருவாக்கித் தர வேண்டியதில்லை. முக்கியமாக, முன்னால் ஒரு காலத்தைச் சொல்லாமல் இந்தச் சொல் நிற்காது. 'எழுபதுகள் காலத்துப் பூச்சாடி' என்று சொல்லும்போது விண்டேஜின் உயிரான அந்த ஆண்டு தானாக வந்துவிடுகிறது. சரியான வருடம் தெரியாவிட்டால் 'அந்தக் காலத்து' போதும், ஏட்டு நடையில் 'அக்காலப் பூச்சாடி'. 'அந்தக் காலத்து' என்றால் யாரும் சோழர் காலம் என்று நினைப்பதில்லை, வீட்டுப் பெரியவர்களின் நினைவுக்கு எட்டும் காலம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். விண்டேஜும் அதே தூரத்தைத்தான் குறிக்கிறது.

போலந்துக்காரர்களும் பேச்சில் இப்படித்தான் சொல்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய பலம். 1952 முதல் 1989 வரை அந்த நாட்டின் பெயர் போலந்து மக்கள் குடியரசு, அதன் முதலெழுத்துகளைச் சேர்த்து 'பேஎரெல்' என்பார்கள். சந்தையில் இந்தக் கண்ணாடியை 'ஸ் பேஎரெலு' என்று சொல்லி விற்கிறார்கள், அதாவது பேஎரெல் காலத்தது. இந்தக் காலப்பெயர் அலங்காரத்துக்குச் சொல்வதில்லை, சாமானை அடையாளம் காணவே தேவைப்படுகிறது. பல பூச்சாடிகளில் கையெழுத்தோ முத்திரையோ கிடையாது. ஆலை ஒட்டிய காகிதச் சீட்டு முதல் கழுவலிலேயே போயிருக்கும். ஒரு பூச்சாடி, ஸ்பிக்னியெவ் ஹொர்போவி என்ற போலந்துக் கண்ணாடி வடிவமைப்பாளர் அறுபதுகளில் ஷ்ச்சித்னாவில் இருந்த ஆலைக்கு வரைந்ததா, எழுபதுகளில் பொலானிட்சாவில் இருந்த ஆலைக்கு வரைந்ததா என்பதை அடிப்பாகத்தின் கனம், நிறம், பழைய ஆலைப் பட்டியல் இவற்றை வைத்துத்தான் சொல்ல வேண்டும். பத்தாண்டு தள்ளிப் போனால் ஆலை மாறும், விலையும் மாறும். அப்படிப்பட்ட இடத்தில் 'பழங்கால' என்று எழுதினால் வாங்குகிறவருக்கு என்ன தகவல் போய்ச் சேருகிறது?

இதைவிடக் கோபம் வரவைப்பது 'மிட் செஞ்சுரி மாடர்ன்' என்ற வடிவமைப்புப் பாணியின் பெயருக்குப் போடும் தமிழ். 'இடைக்கால நவீன வடிவமைப்பு' என்று எழுதுகிறார்கள். இடைக்காலம் என்றால் வரலாற்றில் மன்னர்களும் கோட்டைகளும் இருந்த காலம், இல்லையென்றால் இடைக்கால ஜாமீன், இடைக்கால பட்ஜெட். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி என்ற பொருள் எங்கிருந்து வரும்? 1984-இல் காரா கிரீன்பெர்க் ஐம்பதுகளின் மரச்சாமான்களைப் பற்றி எழுதிய புத்தகத்தின் தலைப்பாக இருந்து பரவிய பெயர் அது, ஐம்பதுகளும் அறுபதுகளும்தான் அதன் மையம். 'ஐம்பது அறுபதுகளின் நவீன பாணி' என்று எழுதினால் நீளம்தான், ஆனால் புரியும். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் கிடைக்கும் சொல்லை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். எதிரே இருக்கும் சாமானை ஒரு நிமிடம் பார்ப்பதில்லை, அது எப்போது செய்தது என்று கேட்பதில்லை.

என் அலமாரிப் பூச்சாடிகளுக்கு நான் எழுதி வைத்திருந்த சீட்டுகளை எல்லாம் இந்த வாரம் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். முதல் சீட்டு இப்படி: "எழுபதுகள் காலத்துப் பூச்சாடி, ஸொம்ப்கொவிட்செ ஆலை, அச்சில் அழுத்திச் செய்தது, வடிவமைப்பு ட்ரோஸ்ட்." அத்தையின் கல்யாண காலத்துப் பூச்சாடிக்கு இன்னும் வடிவமைப்பாளர் பெயர் கிடைக்கவில்லை, அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.