வீடியோ கேசட் டிவிடி ஆவது எப்படி?

பழைய வீடியோ கேசட்டை டிவிடியாக்குவது என்றதும் டிவிடி எழுதும் வேலைதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. அது கடைசிப் படி. அதில் கெடுவதற்கு அதிகம் இல்லை. படம் தேறுமா தேறாதா என்பது அதற்கு வெகு முன்பே, கேசட்டை ஓட்டும் டெக்குக்குள் (விசிஆர்) டேப் ஓடும்போதே முடிவாகிவிடுகிறது. அங்கே கோட்டைவிட்டதைப் பிறகு எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது. அதனால் டெக்கில் இருந்தே தொடங்குவோம்.

கேசட்டின் முன்மூடியைத் தூக்கிப் பார்த்தால் அரை அங்குல அகலத்தில் பளபளக்கும் டேப் தெரியும். பாலியெஸ்டர் நாடாவின் மேல் காந்தத் துகள்களைப் பாலிமர் பசையில் குழைத்துப் பூசியிருப்பார்கள். 1976-ல் ஜேவிசி நிறுவனம் கொண்டுவந்த விஎச்எஸ் முறையில், இந்தியாவில் உள்ள பால் (PAL) டிவி முறைக்கு இந்த டேப் விநாடிக்கு 2.3 சென்டிமீட்டர்தான் நகர்கிறது. அமெரிக்கா, ஜப்பான் போன்ற, என்டிஎஸ்சி டிவி முறை உள்ள நாடுகளில் 3.3 சென்டிமீட்டர். இனி வரும் கணக்கெல்லாம் பால் முறைக்கானவை. வீடியோ சிக்னலோ விநாடிக்கு 40 லட்சம் அதிர்வுகளைத் தாண்டுவது. இந்த ஆமை வேகத்தில் அதைப் பதிய வழியே இல்லை. எனவே டேப்பில் பதிந்து படிக்கும் காந்த முனையான ஹெட்டையே சுழலவிட்டார்கள். 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை ஒன்று நிமிடத்துக்கு 1500 முறை சுற்றுகிறது. டேப் அதைச் சாய்வாகத் தழுவிப் போகிறது. உருளையில் பதித்த ஹெட் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் டேப்பில் மெல்லிய சாய்கோடு ஒன்றை இழுக்கிறது. ஹெட்டும் டேப்பும் உரசும் வேகம் இப்போது விநாடிக்கு ஏறக்குறைய 5 மீட்டர்.

அந்தச் சாய்கோடு ஒவ்வொன்றிலும் அரைப் படம் இருக்கிறது. ஒற்றைப்படை வரிகள் ஒரு கோட்டில், இரட்டைப்படை வரிகள் அடுத்த கோட்டில். இந்த அரைப் படத்துக்கு ஃபீல்டு என்று பெயர். இரண்டு சேர்ந்தால் ஒரு ஃபிரேம். பதிவான கோட்டின் மேலேயே ஹெட் மறுபடி ஓட வேண்டும் என்பதற்காக டேப்பின் ஓரத்தில் துடிப்புகள் பதிவாகியிருக்கும். டெக்கில் 'ட்ராக்கிங்' சரிசெய்வது இந்த ஒத்திசைவைத்தான். பதிவு செய்த கருவி ஒன்று, ஓட்டும் டெக் வேறு என்றால் ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைத் தனித்தனியாகச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

இப்போது சிக்கலின் மையத்துக்கு வருகிறோம். படத்தின் ஒவ்வொரு வரிக்கும் 64 மைக்ரோ விநாடி. ஆனால் டேப் இழுபடும், மோட்டார் துளி தடுமாறும். ஒரு வரி சற்று முந்தும், அடுத்தது பிந்தும். பழைய குழாய் டிவி அந்தத் தடுமாற்றத்தை ஓரளவு தானும் பின்தொடர்ந்து சமாளித்தது. கணினியில் செருகும் கேப்சர் கருவி அப்படி வளைந்துகொடுப்பதில்லை. அது விநாடிக்கு 1 கோடியே 35 லட்சம் முறை சிக்னலை அளந்து, வரிக்கு 720 புள்ளிகளாக எண்களாக்குகிறது. வரி தாமதமாகத் தொடங்கினால் அதன் புள்ளிகள் எல்லாமே பக்கவாட்டில் நகர்ந்துவிடும். கேப்சர் செய்த காட்சியை நிறுத்திவைத்து, கதவு நிலையையோ ஜன்னல் கம்பியையோ உற்றுப் பாருங்கள். நேராக இருக்க வேண்டிய விளிம்பு பாம்பு போல நெளிந்தால், அது மங்கலான டேப்பின் குறை அல்ல, நேரத்தின் குறை.

இதற்கு மருந்து டிபிசி எனப்படும் டைம் பேஸ் கரெக்டர். வரும் வரிகளை நினைவகத்தில் சிறிது நேரம் பிடித்துவைத்து, சீரான கடிகாரத்தின் கணக்கில் திரும்ப வெளியே அனுப்புகிறது. சில உயர்தர எஸ்-விஎச்எஸ் (விஎச்எஸ்ஸின் மேம்பட்ட வகை) டெக்குகளில் இது உள்ளேயே இருக்கிறது. கையில் இருக்கும் பணத்தை எதில் போடுவது என்று கேட்டால் என் பதில் இதுதான்: நல்ல டெக், அடுத்து டிபிசி, அதன் பிறகே மற்றதெல்லாம். விசிஆர் தயாரிப்பில் கடைசிவரை நின்ற ஃபுனாய் நிறுவனம் 2016-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஓடும் நிலையில் ஒரு டெக் கிடைத்தால் அதைப் போற்றி வைத்துக்கொள்ள வேண்டும்.

நேரக் குறை ஒலியையும் பிடிக்கும். டேப்பின் சேதமான இடத்தில் கேப்சர் கருவிக்கு ஒரு ஃபிரேம் புரியாமல் போனால் அது அப்படியே விட்டுவிடும். ஒலியோ நிற்காமல் பதிவாகிக்கொண்டிருக்கும். இப்படி 25 ஃபிரேம் போனால் ஒலிக்கும் படத்துக்கும் ஒரு விநாடி இடைவெளி விழுந்துவிடும். படத்தை ஒரு கருவியிலும் ஒலியைக் கணினியின் சவுண்ட் கார்டிலும் தனித்தனியே எடுத்தாலும் ஆபத்து உண்டு. இரண்டு கடிகாரங்களுக்கும் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேர முடிவில் 0.36 விநாடி பிசகும். பேசுபவரின் உதடும் குரலும் ஒட்டாததைக் கண் உடனே கண்டுபிடித்துவிடும். எனவே இரண்டையும் ஒரே கருவி வழியாக எடுங்கள். டேப்பின் கடைசிப் பகுதியில் யாராவது கைதட்டும் இடம் இருந்தால் அதை ஓட்டிப் பாருங்கள். தொடக்கத்தைப் பார்த்துத் திருப்திப்படுவதில் பயனில்லை.

கேபிளைப் பற்றிச் சுருக்கமாக. டேப்பில் கறுப்பு வெள்ளைத் தகவலும் நிறத் தகவலும் வெவ்வேறு அலைவரிசைகளில் பதிவாகியிருக்கின்றன. மஞ்சள் பின் வழியே அவை ஒன்றாகக் கலந்து வெளிவரும், கேப்சர் கருவி மறுபடி பிரிக்கும். அந்தப் பிரிப்பில் விளிம்புகளில் புள்ளிகள் ஊரும். எஸ்-வீடியோ இணைப்பு இருந்தால் இரண்டும் கலக்காமலே வந்துசேரும். இல்லாவிட்டால் மஞ்சள் பின்னே போதும், மனம் தளர வேண்டாம்.

ஓட்டுவதற்கு முன் கேசட்டின் சிறு கண்ணாடி வழியே சுருளைப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் பூஞ்சை. அதை டெக்கில் போட்டால் ஹெட்டும் கெடும், அடுத்து போடும் கேசட்டுக்கும் தொற்றும். சுத்தமாக இருந்தால் கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கணக்கில் இறுகிக் கிடந்த சுருள் சீராகும். கேசட்டின் முதுகில் உள்ள சிறு பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிட்டால் அதன் மேல் தவறுதலாக எதுவும் பதிவாகாது.

கேப்சர் ஆகும் ஃபைல் பெரியது. சுருக்காமல் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 75 ஜிபி. தரம் குறையாமல் சுருக்கும் முறைகளில் அதில் பாதிக்கும் கீழே கொண்டுவரலாம். DV எனப்படும் டிஜிட்டல் வீடியோ முறையில் 13 ஜிபி. டிவிடிக்குப் போகும் எம்பெக்-2 சுருக்கம் இதைவிடக் கடுமையானது. அது எல்லா ஃபிரேமையும் முழுதாக வைப்பதில்லை. முந்தையதில் இருந்து என்ன மாறியது என்பதை மட்டும் எழுதுகிறது. டேப்பில் இருக்கும் பொடிப்பொடியான இரைச்சல் ஒவ்வொரு ஃபிரேமிலும் வேறு வேறு. சுருக்கும் மென்பொருள் அதையும் அசைவு என்றே எண்ணி இடத்தை அதற்குச் செலவழிக்கிறது. முகத்துக்குப் பிட் போதாமல் கட்டம் கட்டமாக உடைவது இதனால்தான். 4.7 ஜிபி வட்டில் ஒரு மணி நேரம் வைப்பது நல்லது. அப்போது விநாடிக்கு 8 மெகாபிட் கிடைக்கும். மூன்று மணி நேரக் கேசட் ஒரே வட்டில் வேண்டுமென்றால் 720-க்குப் பதில் 352×576 அளவைத் தேர்ந்தெடுங்கள். டிவிடி விதிகள் அதை அனுமதிக்கின்றன. விஎச்எஸ்ஸில் பக்கவாட்டில் இருக்கும் நுணுக்கமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஒற்றை, இரட்டை வரிகளைக் கலந்து 'டீஇன்டர்லேஸ்' செய்யும் வசதியை டிவிடிக்குப் பயன்படுத்தாதீர்கள். டிவிடி ஃபீல்டுகளை அப்படியே ஏற்கும். கலந்தால் அசைவின் மென்மை பாதியாகும். ஃபீல்டு வரிசை மாறிப்போனால் நடப்பவர்கள் முன்னும் பின்னுமாகத் துடிப்பார்கள்; அமைப்பில் அதைத் திருப்பினால் சரியாகிவிடும். படத்தின் அடியில் கிழிந்த பட்டை போலத் தெரிவது ஹெட் மாறும் இடம். வெட்டி எடுத்து இழுக்க வேண்டாம், கறுப்பால் மூடினால் போதும்.

எழுதிய வட்டு நிரந்தரம் அல்ல. அதில் தகவலைத் தாங்குவது லேசரால் நிறம் மாறிய ஒரு சாயப் படலம். வெளிச்சமும் சூடும் அதை மெல்லத் தின்னும். அதனால் கேப்சர் செய்த மூல ஃபைலை வெவ்வேறு இடங்களில் இருக்கும் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் வையுங்கள். கேசட்டையும் எறிந்துவிடாதீர்கள். ஹெட்டில் இருந்து வரும் மூலச் சிக்னலையே பதிவு செய்து, மீதி வேலையை முழுக்க மென்பொருளில் செய்யும் முறை ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்துவிட்டது. அதே டேப்பில் இருந்து பின்னால் இன்னும் நல்ல படம் கிடைக்கலாம். முழுதாகச் சுற்றி, நிமிர்த்தி நிறுத்தி, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். எத்தனையாவது நிமிடத்தில் படம் உடைந்தது என்று ஒரு துண்டுத் தாளில் குறித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டால், மறுமுறை ஓட்டுபவருக்கு அந்தப் பகுதியை மட்டும் எடுத்தால் போதும்.